அம்மாவைப் பதிந்து வைத்தவள்

அவளுக்கு எதுவும் ஒற்றையாக இருக்கக்கூடாது. குடை இரண்டு. டின் திறக்கும் கருவி இரண்டு. வீட்டுச் சாவி எங்கள் இருவருக்கும் போக, வாசலில் கிடக்கும் பழைய ஷூவுக்குள் ஒன்று, கார் டிக்கியில் ஒன்று. மௌரி அவென்யூ இந்தியக் கடையில் புளி வாங்கினாலும் இரண்டு பொட்டலமாக எடுப்பாள். "ஒண்ணு போச்சுன்னா?" என்பாள். ஆனால் போனதற்காக அவள் வருந்தி நான் பார்த்ததில்லை. கண்ணாடி டம்ளர் கைதவறி உடைந்தால், அலமாரியிலிருந்து அடுத்ததை எடுத்து, தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தேடுவாள்.

அந்தத் தண்ணீர் குடிக்கும் நிதானத்தின் மேல் எனக்குப் பொறாமை. இப்போது அவள் சுகர் லேண்ட் என்ற ஊரில் கணவன், குழந்தையோடு இருக்கிறாள். எனக்குப் பொறாமை அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். காங்கேயம் பக்கம் அப்பாவுக்கு விசைத்தறிக் கூலி வேலை. அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றினாள். எனக்கு எல்லாமே ஒவ்வொன்றுதான் கிடைத்தது. ஒரு உதவித்தொகை, ஒரு நேர்முகத் தேர்வு, ஒரு விசா. கோட்டைவிட்டால் அடுத்தது கிடையாது என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் பிடித்தேன். இதை யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன். அவள் வீட்டிலோ தாத்தா காலத்திலிருந்தே பட்டதாரிகள். அம்மா கல்லூரியில் விரிவுரையாளர், அப்பா பொறியாளர். "அமெரிக்கா பிடிக்கலைன்னா திரும்பிப் போயிட்டே இருப்பேன்" என்பாள், இந்த ஓட்டலில் இடம் இல்லாவிட்டால் பக்கத்து ஓட்டலுக்குப் போகிறவளைப் போல. ஃப்ரீமான்ட் நகரில் இருவரும் ஒரு அபார்ட்மெண்டைப் பகிர்ந்துகொண்டோம். வேறு வேறு கம்பெனிகள், ஒரே மாதிரியான புரோகிராமர் வேலை.

ஒரு சனிக்கிழமை, மூடிப்போன ஏதோ கம்பெனியின் சாமான்களை விற்கும் கிடங்கிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் இழுப்பறைகளைப் போல நான்கு டிஸ்க்குகள். அவற்றை ஆட்டிவைக்கத் தனியாக ஒரு கார்டு, அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் சொருக வேண்டும். ரெய்டு என்றாள். கம்பெனிகளில் குளிரூட்டிய அறைக்குள் பூட்டிவைக்கும் சாமான் அது. அதைச் சோபாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் வைத்தாள். ஓட ஆரம்பித்தால் துணி உலர்த்தும் மெஷினைப் போல இரைந்தது.

"நாலுல ஒண்ணு செத்தாலும் மத்த மூணும் சேர்ந்து, அதுல என்ன இருந்துச்சுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும். எல்லாம் இந்த கார்டே பாத்துக்கும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"வீட்டுல எதுக்கு இது?"

"பாட்டு, போட்டோ எல்லாம் போகாம இருக்க."

"போனா என்ன? நீதான் எது போனாலும் கவலைப்படமாட்டியே."

"ஏன் கவலைப்படறதில்லைன்னு நினைக்கறீங்க, மேடம்?" என்று திருப்புளியால் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். நான் அதட்டிக் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நான் மேடம்.

அந்த ஞாயிறு முழுவதும் தரையில் உட்கார்ந்து பூட்டினாள். கேபிளின் கடைசியில் ஒரு சின்ன மூடியை மாட்டாவிட்டால் ஒரு டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான், கல்லூரியில் முதல் மாணவி. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். அவளுக்குப் பத்தாவது படிக்கும்போதே வீட்டில் ஒன்று இருந்ததாம். கழற்றிக் கெடுத்தாளாம். அப்பா திட்டவில்லையா என்று கேட்டேன். "எதுக்குத் திட்டணும்? கெடுக்கட்டும்னுதானே வாங்கிக் கொடுத்தார்" என்றாள். கெடுப்பதற்கென்று ஒரு கம்ப்யூட்டர். பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு எங்கள் வீட்டில் கூடிய ஒரு நாளில், ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கின் கொக்கியை விடுவித்து வெளியே உருவினாள். கார்டு கீச்கீச்சென்று கத்தியது. பாட்டு நிற்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"வீட்டுக்குள்ளயே ரெய்டா? இன்கம் டாக்ஸ்காரனுக்கு இந்த அட்ரஸ் தெரியுமாம்மா?" என்றார் எதிர்வீட்டு அங்கிள்.

"சாம்பார் ஆறுது. அந்தப் பொட்டி எங்கயும் போகாது, வாங்க" என்றார் ஆண்ட்டி.

உருவியதைத் திரும்பச் சொருகிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "நீ ஒண்ணை உருவு பாக்கலாம்." எனக்குக் கை வரவில்லை. ஓடுகிற ஒன்றிலிருந்து ஒரு பாகத்தைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்க, அதற்கு வேறு மாதிரி வளர்ந்திருக்க வேண்டும்.

அவளிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று. அம்மாவின் கேசட்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் மளிகைக் கடையில்தான். அங்கே நின்றுகொண்டு நாலு பேர் கேட்க என்ன பேச முடியும்? அதனால் டேப்பில் பேசி அனுப்புவாள். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில் அவள் பேச்சின் மேலேயே நான் பேசித் திருப்பி அனுப்புவேன். அதன் மேல் அவள். எங்கள் பக்கத்தில் துபாய்க்கு ஆள் அனுப்பிய வீடுகளிலும் அதுதான் வழக்கம். மாடு, தறி, சித்தியோடு போட்ட சண்டை, அப்பாவின் இருமல் என்று இரண்டு பக்கமும் நிரம்பப் பேசுவாள். என்னோடு இருந்தவளின் பெற்றோரோ இமெயில் அனுப்புவார்கள். ஆங்கிலத்தில், வரிசை எண் போட்டு. அம்மாவின் கேசட் வந்த அன்று என் அறைக் கதவைச் சாத்தாமல் கேட்பேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

கேட்டது. கதவருகே வந்து நின்றாள்.

"இதுக்கு முன்னாடி அம்மா பேசினதெல்லாம் எங்க?"

"எங்கன்னா? அதுமேலதான் நான் பேசி அனுப்பிட்டேனே."

"அழிச்சு அழிச்சா அனுப்பறே? அம்மா குரலை?"

சோற்றைக் குப்பையில் கொட்டியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதில் ஒரு நஷ்டம் இருப்பதாக அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் சொன்ன பிறகு தோன்றியது. அன்றிலிருந்து வரும் கேசட்டையெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் ஏற்றி அந்த நான்கு டிஸ்க்கில் வைப்பது என்று ஆயிற்று. அதன்பின் கேசட் வழக்கம்போல ஊருக்குப் போய்விடும். "உங்க பேச்செல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு" என்று அம்மாவுக்குச் சொன்னேன். "செரி செரி" என்று பதில் வந்தது, அப்படியென்றால் என்ன என்று கேட்கவில்லை.

கேசட்டை ஏற்ற, அது ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். அவள் என்னைவிட முன்னதாக வீட்டுக்கு வருகிறவள்.

ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். "செவலை கன்னு போட்டுடுச்சாம். கெடேரி. கெடேரின்னா பொண்ணுதானே?" என்றாள்.

"யார் சொன்னது?"

"அம்மா." உங்க அம்மா என்று சொல்லவில்லை. மேசையில் உறை கிழிந்து கிடந்தது. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. "ஏத்தி வெச்சுட்டா நீ வந்ததும் நல்ல ஸ்பீக்கர்ல கேக்கலாமேன்னுதான்."

நல்ல ஸ்பீக்கரில் கேட்டேன். கன்று போட்ட இடம் வந்தபோது அவள் எனக்கு முன்னால் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

பிறகு, நான் பதில் பேசி முடித்த ஒரு சமயம், "ரெண்டு வார்த்தை நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். மைக்கைக் கொடுத்தேன். "வணக்கம்மா. உங்க பொண்ணு கூட இருக்கறவ பேசறேன். கன்னுக்குட்டிக்கு என்ன பேரு வெச்சீங்க?" அவ்வளவுதான் பேசினாள். அடுத்த கேசட்டின் கடைசியில் அம்மா அவளுக்குப் பதில் சொன்னாள். அதற்கடுத்ததில் ஒரு பக்கத்தில் பாதி. வீட்டில் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். சில மாதங்களில் அவளும் அம்மிணி ஆகிவிட்டாள். ஸ்பீக்கரில் "ஏனம்மிணி" என்று அம்மா ஆரம்பித்தால் எங்கள் இருவரில் யார் என்று தெரிய இன்னும் ஒரு வாக்கியம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கேசட்டில் அம்மா அவளிடம் சொன்னாள்: "அவகிட்டப் பேசறதுன்னா தப்பில்லாமப் பேசோணுமேன்னு இருக்கும் அம்மிணி. படிச்ச புள்ளை. உன்றகிட்ட அப்பிடி இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசலாம்."

அவள் என்னைவிட ஒரு பட்டம் கூடுதலாகப் படித்தவள். சட்டென்று கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள்.

"ஓடட்டும்" என்றேன்.

"அவங்க அந்த அர்த்தத்துல சொல்லலை."

"எங்க அம்மா எந்த அர்த்தத்துல சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். ஓடட்டும்."

ஓடியது. இருவரும் டேப்பையே பார்த்துக்கொண்டு கேட்டோம். மறுநாள் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் செய்திருந்தாள். நன்றாகவே இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கார்களுக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தோம். என் பாடப் புத்தகங்களையும் அவள் திருப்புளிகளையும் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினோம். பெட்டியை என்ன செய்வது? தூக்க முடியாத கனம். அவள் அதை முறையாக நிறுத்தினாள். நான்கு டிஸ்க்குகளையும் உருவினாள். துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, தட்டில் பரப்பிப் படத்தின் முன்னால் வைத்தாள். தறிக்குப் பொட்டு வைக்கும் வீட்டில் பிறந்த எனக்கே அது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் விஜயதசமியன்று சூடம் காட்டிவிட்டு, தட்டிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துத் திரும்பச் சொருகினாள்.

பெட்டி ஓடியது. நான்கு விளக்குகளும் எரிந்தன. ஆனால் கார்டுக்கு அந்த நான்கையும் அடையாளம் தெரியவில்லை. எந்த டிஸ்க் எந்த அறையில் இருந்தது என்பதை வைத்துத்தான் அந்தப் பழைய கார்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்குமாம். வரிசை மாறிவிட்டது. புதிதாக அமைத்துவிடவா என்று திரையில் கேட்டது. ஆம் என்று ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும்.

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போனா தாங்கும்னியே" என்றேன்.

"ஒண்ணும் போகலையே. நாலும் நல்லா இருக்கு. எது எங்க இருந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியலை."

"கேசட்டெல்லாம் ஊருக்குப் போயிடுச்சு."

"தெரியும்" என்றாள். அவளிடம் இரண்டாவது இல்லாத பொருள் ஒன்றை அன்றுதான் முதலில் பார்த்தேன். அது என்னுடையது.

ஆபீஸுக்கு லீவு சொன்னாள். பெட்டியை நிறுத்துவாள். டிஸ்க்குகளை இடம் மாற்றிச் சொருகுவாள். மறுபடி ஓட விடுவாள். நான்கும் சுற்றி வேகம் எடுத்து, கார்டு விழித்து, அதே கேள்வியைக் கேட்கும். இல்லை என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி நிறுத்துவாள். பகல் முழுக்க இதுதான். சாப்பிடச் சொன்னேன், வரவில்லை. விரல்களில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதே கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சிவப்பு. என் அம்மாவுக்காக அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுவிட்டதுபோல் இருந்தது. என் அழுகையையும் எடுத்துக்கொண்டாளே என்று பார்த்தபடி நின்றேன்.

மாலை வெளிச்சம் ஹாலுக்குள் விழுந்திருந்தபோது ஒரு முறை கார்டு கேள்வி கேட்கவில்லை. கோப்புகள் வரிசையாகத் திரையில் வந்தன. அவள் ஏதோ ஒன்றைத் திறந்தாள். "...அப்பறம் கேளு, மழை பேஞ்சுதா, உங்க சித்தி வரப்பை வெட்டி உட்டுட்டா..." என்று அம்மா ஹால் முழுக்கப் பேசினாள். அவள் தரையில் சரிந்து படுத்துக்கொண்டு சிரித்தாள். நான் போய் காபி போட்டேன். அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்த கோடையில் அம்மா வந்தாள். பாஸ்போர்ட்டிலிருந்து டிக்கெட் வரை எல்லாம் நான் செய்தது. கைநாட்டு வைத்த ஒருத்தி தனியாகக் கடல் தாண்டி வருகிறாள் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். விமான நிலையத்தில் அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்து மலங்க மலங்கப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். "அம்மா, இங்க" என்று என் பக்கத்தில் நின்ற அவள் கூப்பிட்டாள். அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். பிறகுதான் என்னைக் கண்டாள்.

"நீதானா அம்மிணி அது? குரலுக்கு ஆளு குண்டா இருப்பேன்னு நெனச்சேன்" என்றாள் அவளிடம். என் கன்னத்தைத் தடவி, "எளைச்சுப் போயிட்டே" என்றாள் என்னிடம். யாருக்கு எது கிடைத்தது என்று வீடு வரும்வரை காரில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்து, அவள் பெட்டியைக் காட்டினாள். அம்மா பேசியதைப் போட்டாள். தன் குரலைக் கேட்டு அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது.

"இது நான் எப்பப் பேசினது?"

"போன வருஷம்மா. வரப்பை வெட்டினப்ப."

"நான் பேசினது மொத்தமும் இதுக்குள்ள இருக்குதா? உங்க சித்தியைப் பேசினது, அப்பனைப் பேசினது?"

"எல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஒண்ணுகூடப் போகலை" என்றாள் அவள், பெருமையாக.

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "அழிச்சுரு."

"ஏம்மா?" என்றேன் நான். "அழிச்சா திரும்ப வராது. இவ இதை எப்படிக் காப்பாத்தினான்னு உனக்குத் தெரியாது."

"வயித்தெரிச்சல்ல பேசினது அம்மிணி. அடுத்த வாரமே உங்க சித்தியும் நானும் ஒண்ணாக் காட்டுக்குப் போயிட்டு வந்தோம். நீ கேட்டுட்டு அதுமேல பேசீருவே, அழிஞ்சுரும்னுதான் அத்தனையும் பேசினேன். இருக்கும்னு தெரிஞ்சா பேசியிருப்பனா?"

"யாரும் கேக்கமாட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான்."

"நீங்க கேட்டாச்சு. அப்பறம் எதுக்கு அது பொட்டிக்குள்ள கெடந்து பேசிக்கிட்டே இருக்கோணும்?"

அம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ அழிச்சுரு அம்மிணி. அவ அழிக்கமாட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். அது என்னுடையது என்று அப்போதாவது நினைத்துப் பார்த்தாள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் விசைப்பலகையை இழுத்து, எல்லாவற்றையும் குறித்து, ஒரு விசையைத் தட்டினாள். ஒரு டிஸ்க் மறந்தாலும் மற்றவை நினைவு வைத்துக்கொள்ளும் பெட்டி அது. அழி என்று சொன்னால் நான்கும் சேர்ந்து மறந்துவிடும். விளக்குகள் கொஞ்ச நேரம் மினுங்கின. கார்டு சத்தம் போடவில்லை.

வேறெங்காவது இன்னொரு பிரதி வைத்திருந்தாளா என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவளை அறிந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நான் அவளைக் கேட்டதில்லை. அந்த விசையைத் தட்டியபோது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை.

"ஆச்சா?" என்றாள் அம்மா.

"ஆச்சும்மா."

அம்மா காலை மேலே தூக்கி மடித்துச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, அவள் தோளைத் தொட்டாள். "வரப்பை வெட்டினாளே, அப்ப என்ன நடந்துச்சுன்னா, மொதல்லருந்து சொல்றேன் கேளு. டேப்புல முழுக்கச் சொல்லலை." அவள் கீழேயிருந்து எழுந்து அம்மாவை ஒட்டிச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காரு" என்றேன்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.